அம்மாவின் கண் யாரிடம் இருக்கிறது?

போன மாதம் அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் காலனிக்குத் தனிக் கடை கிடையாது. ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். வரிசையில் நாங்கள் நிற்கும்போது முன்னால் இருந்த ஊர்த் தெரு அம்மாவை விற்பனையாளர் "வாங்கக்கா, வெரல வைங்க" என்றார். அடுத்தது எங்கள் அம்மா. வயது அறுபத்தெட்டு. "வெரல வை" என்றார். இரண்டு எழுத்துதான் குறைந்தது. அந்த இரண்டு எழுத்தை அறுபது வருடமாகக் கேட்டுப் பழகிய அம்மா ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலை வைத்தாள்.

மெஷின் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல். ஏற்கவில்லை. இடது கை. ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

அம்மாவின் விரலில் ரேகை இல்லை. ஆம்பூர் பக்கம் இருபத்திரண்டு வருடம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து முடி நீக்கும் வேலை. சுண்ணாம்பும் சல்ஃபைடும் முதலில் கையுறையைத் தின்றன. அதன்பிறகு கையைத் தின்றன. அங்கிருந்து நின்ற பிறகு நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. இத்தனையும் செய்த விரலில் எதைத் தேடுகிறது மெஷின்?

இப்போது கடைக்கு இன்னொரு கருவி வந்திருக்கிறது. கருவிழியைப் படம் பிடிக்கும் கருவி. விற்பனையாளர் அதை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "நல்லா முழிச்சிப் பாரு, ஆடாத." இரண்டாவது முறை 'பீப்' என்றது. அரிசி, பருப்பு, பாமாயில் கிடைத்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. விரல் கைவிட்ட இடத்தில் கண் காப்பாற்றியது.

திரும்பி வரும் வழியில் அம்மா கேட்டாள்: "ஏண்டா, என் கண்ண போட்டோ புடிச்சானே, அத எங்க வச்சிருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடமாக மனு எழுதுகிறவன், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்கிறவன். ஆனால் அம்மாவுக்குச் சொல்ல ஒரு வரி கூட என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு படித்ததையும், விசாரித்ததையும், எனக்கு நேர்ந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். பாப்பாவைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அதில் உள்ள இழைகளும் குழிகளும் சேர்ந்து ஒரு கோலம் போட்டிருக்கின்றன. அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும் கோலம் அது. ஒரே ஆளின் வலக்கண்ணும் இடக்கண்ணும் கூட ஒன்றுபோல் இருக்காது. இரட்டைப் பிள்ளைகளுக்கும் வேறு வேறுதான். சுண்ணாம்பும் சிமெண்டும் அதைத் தேய்க்க முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டாக்மன் இந்தக் கோலத்தை எண்களாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்து 1994இல் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையில் ஒரு கண், 2048 பிட் கொண்ட ஒரு குறியீடாகிறது. பூஜ்யமும் ஒன்றுமாக 2048 கட்டங்கள், அவ்வளவுதான். இரண்டு எஸ்.எம்.எஸ். அளவுக்குள் ஒரு மனுஷியின் கண் அடங்கிவிடுகிறது.

இரண்டு வெவ்வேறு கண்களின் குறியீட்டை ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதிக் கட்டங்கள் வேறுபடும். ஒரே கண்ணை இரண்டு முறை எடுத்தால் வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும். சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் ஒரே ஆள் என்று முடிவு செய்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஒரே கண்ணாக இருந்தாலும் இரண்டு முறை எடுத்தால் குறியீடு அச்சு அசலாக ஒன்றுபோல் வராது. வெளிச்சம் மாறும், இமை பாதி மூடும், அம்மா ஆடிவிடுவாள். பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் என்று கேளுங்கள். உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டை ஒழுங்கான நிறுவனங்கள் அப்படியே வைத்திருப்பதில்லை. அதை அரைத்து மாவாக்கி அந்த மாவை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் மறுபடி பாஸ்வேர்டைப் போடும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. திருடன் புகுந்தாலும் அவனுக்கு மாவுதான் கிடைக்கும். ஆனால் இந்த அரவையில் ஒரு எழுத்து மாறினாலும் மாவு முழுதாக மாறிவிடும். கண்ணின் குறியீடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகிறது. அதனால் கண்ணை அந்த மாதிரி அரைத்து வைக்க முடியாது. ஒப்பிடுவதற்கு ஏற்ற வடிவத்தில் எங்கேயோ வைத்துத்தான் ஆக வேண்டும். பூட்டு போடலாம், அதாவது குறியாக்கம் செய்யலாம். ஆனால் வழக்கமான முறையில் ஒப்பிடும் நேரத்தில் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கிற சாவி யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

அந்த யாரோ ஒருவர் யார்? அம்மாவின் கேள்வி கடைசியில் இதுதான்.

விஞ்ஞானிகள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 1999இல் ஜூல்ஸ், வாட்டன்பர்க் என்ற இருவர், கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும் ஒரு பூட்டு முறையை முன்வைத்தார்கள். 2001இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு யோசனை சொன்னார்கள். கண்ணை நேரடியாகப் பதியாதே, ஒரு விதத்தில் கலைத்துப் பதி. அது திருடு போனால் ரத்து செய்துவிட்டு வேறு விதத்தில் கலைத்துப் புதிதாகப் பதி. ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் ரத்து செய்து புதிய கார்டு வாங்குகிறோமே, அதுபோல. 2006இல் டாக்மனும் அவரோடு இருந்தவர்களும் கருவிழியிலிருந்தே 140 பிட் சாவியை உருவாக்கிக் காட்டினார்கள். ஐ.எஸ்.ஓ. 24745 என்ற உலகத் தரம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது. சேமித்ததிலிருந்து அசலை மீட்க முடியக் கூடாது. ஒரு இடத்தில் சேமித்ததை இன்னொரு இடத்தில் சேமித்ததோடு பொருத்தி ஆளைக் கண்டுபிடிக்க முடியக் கூடாது. திருடு போனால் ரத்து செய்து மாற்ற முடிய வேண்டும்.

மூன்றும் நியாயமான கேள்விகள். நான் இவற்றைப் படித்தபோது எழுந்த எண்ணம் ஒன்றுதான். இதை ஒரு அரசு அலுவலகத்திலும், ஒரு காண்ட்ராக்டரிடமும் யாராவது கேட்டிருக்கிறார்களா?

"குறியீட்டைத்தானே வைத்திருக்கிறோம், அதை வைத்துக் கண்ணின் படத்தை மீட்க முடியாது" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012இல் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சேமித்த குறியீட்டிலிருந்து மெஷினை ஏமாற்றக் கூடிய கண் படத்தை உருவாக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். 2017இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், ஒரு கேமராவில் எடுத்த கண் படத்தை அச்சடித்து, அதன் மேல் கான்டாக்ட் லென்ஸை வைத்து, சாம்சங் கேலக்ஸி எஸ்8 போனைத் திறந்து காட்டியது. பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கண் திருடு போனால் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால்?

இனி எனக்கு நேர்ந்தது.

ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பிரச்சினைக்காக மூன்று வருடம் முன்பு போயிருந்தோம். நூற்றுப்பத்து பேர். நூற்றுப்பத்து பேரும் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. வருகைப் பதிவுக்குக் கண் மெஷின் வைத்திருந்தார்கள். விரல் மெஷினை முதலில் வைத்துப் பார்த்து, பாதிப் பேருக்கு ரேகை விழாததால் கண்ணுக்கு மாற்றினார்களாம். காலை ஐந்தரைக்கு வந்து கண்ணைக் காட்ட வேண்டும். தவறினால் அன்றைய கூலி போச்சு. சாயங்காலமும் காட்ட வேண்டும்.

நாங்கள் பேசப் போனது பி.எஃப். பணத்தைப் பற்றி. பேச்சு முடியும் நேரத்தில் ஒரு அக்கா சொன்னார்: "தம்பி, காண்ட்ராக்ட் மாறிடுச்சி. புதுக் கம்பெனிக்காரன் புது மெஷின் வச்சி மறுபடியும் கண்ண எடுத்தான். பழைய மெஷின் ரொம்ப நாளு மேஜைக்கு அடியில கெடந்துச்சி. நாந்தான் பெருக்கும்போது தள்ளி வைப்பேன். இப்ப அத காணோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பழைய கருவியில் பதிந்த தொழிலாளர்களின் கருவிழித் தரவு எங்கே இருக்கிறது, அழிக்கப்பட்டதா, அழித்ததற்கு ஆவணம் உண்டா, தரவைக் காப்பது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் உள்ளதா என நான்கு கேள்வி. முப்பது நாள் தாண்டி பதில் வந்தது. வருகைப் பதிவு ஒப்பந்ததாரரைச் சார்ந்தது என்றும், இது தொடர்பான கோப்பு இவ்வலுவலகத்தில் இல்லை என்றும் இரண்டே வரி. பழைய ஒப்பந்ததாரரைத் தேடிப் போனோம். சூப்பர்வைசராக இருந்தவர், "அது வாடகை மெஷினு சார், குடுத்தவன் வந்து எடுத்துட்டுப் போயிருப்பான்" என்றார். யார் அந்தக் கொடுத்தவன்? அவருக்குத் தெரியவில்லை. மேல்முறையீடு செய்தேன். அதிலும் அதே இரண்டு வரி.

நூற்றுப்பத்து பேர். இருநூற்றிருபது கண்கள். எந்த மெஷினில், எந்த ஊரில், எவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மெஷினில் படமாக வைத்திருந்தார்களா, குறியீடாக வைத்திருந்தார்களா, பூட்டு போட்டிருந்தார்களா என்பதும் தெரியாது. சம்பளப் பாக்கியைக் கேட்டு வாங்கிவிட்டோம். இதை வாங்க முடியவில்லை.

"தூக்கிப் போட்ட மெஷினில் என்ன ஆகிவிடப் போகிறது" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது ஆப்கானிஸ்தான் கதை. அங்கே அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கானவர்களின் விரல், கண், முகம் எல்லாவற்றையும் கையடக்கக் கருவிகளில் பதிந்தது. 2021இல் தாலிபான்கள் திரும்பி வந்தபோது அந்தக் கருவிகளில் சில அவர்கள் கைக்குப் போயின. அமெரிக்கர்களோடு வேலை செய்தவர்கள் கண்ணைக் காட்டவே பயந்து ஒளிந்தார்கள். 2022இல் நான் முன்னால் சொன்ன அதே ஜெர்மன் கிளப்பைச் சேர்ந்தவர்கள், ஈபே இணையச் சந்தையில் அப்படி ஒரு பழைய கருவியை 68 டாலருக்கு வாங்கினார்கள். உள்ளே 2632 பேரின் பெயர், படம், கைரேகை, கருவிழி எல்லாம் இருந்தன. காந்தஹார் பக்கம் 2012இல் கடைசியாகப் பயன்படுத்திய கருவி. அவ்வளவு பெரிய ராணுவத்தின் மெஷினே பத்து வருடம் கழித்து காயலான் கடைக்கு வந்து சேர்கிறது என்றால், மேஜைக்கு அடியில் கிடந்த நம் அக்காவின் மெஷினுக்கு யார் உத்தரவாதம்?

ஆதாரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு. ரேஷன் கடை மெஷின் கண்ணைச் சேமித்து வைப்பதற்கானதல்ல. படத்தைக் கருவிக்குள்ளேயே பூட்டி ஆணையத்துக்கு அனுப்பி, ஆம் அல்லது இல்லை என்ற பதிலை வாங்க வேண்டும். அசல் இருப்பது ஆணையத்தின் மையக் கிடங்கில். 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு, விரலையும் கண்ணையும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் அன்றைய அட்டர்னி ஜெனரல், பதின்மூன்று அடி உயரமும் ஐந்தடி தடிமனும் உள்ள சுவருக்குப் பின்னால் தரவு பத்திரமாக இருக்கிறது என்று சொன்னார். அப்போது நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சுவரைப் பற்றி நமக்குத் தெரியும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் எழுப்பும் சுவரை உத்தப்புரத்தில் பார்த்தவர்கள் நாம். சுவர் எப்போதும் யாரையோ காக்கத்தான் எழுப்பப்படுகிறது. யாரை என்பதுதான் கேள்வி.

அதே 2018 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஆதாரை ஏற்றார்கள். தனியார் நிறுவனங்கள் கேட்பதற்கு வழி செய்த 57ஆம் பிரிவு போயிற்று. மானியத்துக்கும் ரேஷனுக்கும் கேட்கும் 7ஆம் பிரிவு நின்றது. அதாவது வங்கியில் பணம் வைத்திருப்பவர், போனில் சிம் வாங்குபவர் கண்ணைக் காட்ட மறுக்கலாம். அரிசி வாங்குபவர் மறுக்க முடியாது. தீர்ப்பை எழுதியவர்களுக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வரிசையில் நின்று பார்த்தால் அந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரியும்.

பாதுகாப்புக்கு ஆணையம் சில வழிகள் வைத்திருக்கிறது. விரல், கண் இரண்டையும் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கலாம். நல்ல வசதிகள்தான். நான் எனக்குப் பூட்டு போட்டுவிட்டேன். அம்மாவுக்கும் போடப் பார்த்தேன். அதற்கு ஆதாரோடு இணைத்த போன் நம்பர் வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும். அம்மாவின் ஆதாரில் இருப்பது, பத்து வருடம் முன்பு பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்த நம்பர். அவன் இப்போது திருப்பூரில். நம்பரை மாற்ற சேவை மையத்துக்குப் போக வேண்டும், அங்கே விரலை வைக்கச் சொல்வார்கள். அப்படியே பூட்டு போட்டாலும் ஒவ்வொரு முறை அரிசி வாங்கும்போதும் யார் திறந்து விடுவது? ஸ்மார்ட் போனும் எழுத்தறிவும் உள்ளவனுக்குப் பூட்டு. அது இல்லாதவளுக்குத் திறந்த கதவு. ஒரே சட்டம், ஒரே ஆணையம்.

"கண்ணில் சாதி எழுதியிருக்கிறதா? எதற்கு இதில் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன்.

ஆதார் சட்டம் சாதியைப் பதியக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் அதே எண் நம் பிள்ளையின் உதவித்தொகையோடும், ரேஷன் அட்டையோடும், நூறு நாள் வேலை அட்டையோடும் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவுகளில் சிலவற்றில் சாதி இருக்கிறது. கண் ஒரு நூல். அந்த நூலைப் பிடித்து இழுத்தால் கட்டியது எல்லாம் கூடவே வரும். உலகத் தரம் கேட்கும் இரண்டாவது விஷயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு இடத்துப் பதிவை இன்னொரு இடத்துப் பதிவோடு பொருத்த முடியக் கூடாது. இது மற்றவர்களுக்குத் தொழில்நுட்ப விஷயம். நமக்கு உயிர் விஷயம்.

அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போன கதையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதிக்குப் போனார். பார்சிகளுக்கு மட்டும்தான் இடம். பதிவேட்டில் ஒரு பார்சி பெயரைப் போட்டுத் தங்கினார். பதினோராவது நாள் கண்டுபிடித்துவிட்டார்கள். தடிகளோடு வந்து நின்றார்கள். அன்றைக்கே வெளியேற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் படித்து வந்தவருக்கு ஒரு பதிவேடுதான் பத்து நாள் கூரை கொடுத்தது. கண்ணைப் பதியும் பதிவேடாக இருந்திருந்தால் ஒரு ராத்திரி கூடக் கிடைத்திருக்காது.

இன்றைக்கும் சென்னையில் வீடு தேடும் நம் பிள்ளைகள் சொந்த ஊரைக் கேட்டால் பக்கத்து டவுன் பெயரைச் சொல்கிறார்கள். தெருப் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அது பொய் இல்லை. அவர்களைச் சுற்றி உள்ள பொய்யிலிருந்து தப்பிக்கும் வழி. தெரியாத ஊரில் தெரியாத ஆளாக வாழ முடிவது நமக்குப் பெரிய விடுதலை. அதனால்தான் அண்ணல் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கருவி கண்ணைப் பார்த்து "நீ இன்னார்" என்று சொல்லிவிடும் என்றால், கிராமம் நம் பின்னாலேயே நகரத்துக்கு வந்துவிடுகிறது.

உடம்பில் உள்ள அடையாளத்தைப் பதிந்து ஆளைக் கட்டி வைப்பது நம் மண்ணுக்குப் புதிது அல்ல. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளி என்று பட்டியலில் ஏற்றி விரல் ரேகை வாங்கினார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே கூப்பிட்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சாதிக்கும் நமக்கும் இன்றைக்குள்ள கணக்கு வேறு. அதைத் தனியாகத் தீர்ப்போம். ஆனால் ரேகை கொடுக்க மாட்டேன் என்று செத்தவர்களின் காரணம் சரியான காரணம்.

அதே 1920இல்தான் கைதிகளின் ரேகையை எடுக்கும் சட்டமும் வந்தது. நூறு வருடம் கழித்து, 2022இல் அதை நீக்கிவிட்டுப் புதிய குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். பழைய சட்டம் ரேகை, கால்தடம், புகைப்படம் என்று நின்றது. புதியது கருவிழி, விழித்திரை வரை போகிறது. எடுத்ததை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 வருடம் வைத்திருக்கலாம். இருபது வயதில் ஒரு போராட்டத்தில் கைதாகும் பையனின் கண், அவனுக்குத் தொண்ணூற்றைந்து வயது ஆகும்வரை அங்கே இருக்கலாம். வழக்கிலிருந்து விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அழித்தார்களா என்று அவன் எப்படிப் பார்ப்பான்? நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்குப்படி ஆறில் ஒருவர். சிறையில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். கைதாகிறவர்களின் கண் கிடங்கில் யாருடைய கண்கள் அதிகம் இருக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆதாரைக் கிழித்துப் போடு, மெஷினை உடை என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரேஷன் அரிசி சாப்பிடாதவர்கள். எங்கள் காலனியில் பலருக்கு அரசு கொடுத்த முதல் அட்டையே ஆதார்தான். அம்மாவுக்கு அந்தக் கண் மெஷின் வேண்டும், ஏனென்றால் விரலில் ரேகை இல்லை. ஆனால் கண் மெஷின் வேலை செய்யாத நாளும் வரும். புரை விழும், ஆபரேஷன் நடக்கும். அன்றைக்கும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்க வேண்டும். 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை ரத்தாகி, பதினோரு வயதுப் பெண் குழந்தை பசியில் செத்ததாக அவள் தாய் சொன்னார். அதை நாம் மறக்கக் கூடாது.

நான் கேட்பது எளிமையானது. கூலிக்கும் சோற்றுக்கும் பதிலாக நம் கண்ணை வாங்குகிறவர்கள் நமக்குக் கணக்கு சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தூய்மைப் பணியாளர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இப்போது சம்பளம், பி.எஃப்., கையுறை இவற்றோடு இதையும் சேர்த்திருக்கிறோம். கண்ணைப் பதியும் முன் தமிழில் எழுத்துமூலமாகச் சொல்ல வேண்டும்: படமாக வைக்கிறீர்களா, குறியீடாகவா? எங்கே வைக்கிறீர்கள்? சாவி யாரிடம்? திருடு போனால் ரத்து செய்து மாற்ற முடியுமா? ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில், யார் முன்னிலையில் அழிப்பீர்கள்? கண் கொடுக்க விரும்பாதவருக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை உண்டா? வருகைப் பதிவுக்கு இன்னும் ஒரு வழியும் இருக்கிறது. தொழிலாளியின் குறியீட்டை அவர் கையில் உள்ள ஒரு சிப் கார்டிலேயே வைக்கலாம். கார்டையும் கண்ணையும் மெஷின் ஒப்பிட்டுவிட்டு எதையும் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். கண்ணும் கார்டும் தொழிலாளியோடே வீட்டுக்குப் போகும். இது கற்பனை இல்லை, இருக்கிற தொழில்நுட்பம்தான்.

சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2016இல் ஆதார் சட்டம் வந்தபோது, தரவு மீறல் நடந்தால் ஆணையம் மட்டுமே நீதிமன்றத்தில் புகார் கொடுக்க முடியும், பாதிக்கப்பட்டவர் கொடுக்க முடியாது. களவு போனது என் வீட்டில், புகார் கொடுப்பது மட்டும் காவல்காரன். 2019 திருத்தம் அதைக் கொஞ்சம் மாற்றி, எண் உள்ளவரும் சில குற்றங்களுக்குப் புகார் கொடுக்கலாம் என்றது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. அதில் அரசு அமைப்புகளுக்கு வைத்திருக்கும் விலக்குகளைப் பார்த்தால் நம்பிக்கை குறைகிறது. ஆனாலும் ஒப்பந்ததாரரையும் தனியார் கம்பெனியையும் கேள்வி கேட்க அது ஒரு பிடி. கிடைக்கிற பிடியைப் பிடித்துத்தான் நாம் இதுவரை ஏறி வந்திருக்கிறோம்.

அந்த அக்காவை இரண்டு வாரம் முன்பு பார்த்தேன். கோரிக்கைப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். சம்பளம் வரை தலையாட்டினார். கண் விஷயம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இத முதல்ல போடு தம்பி" என்றார். "ஏங்க்கா, சம்பளம்தானே முக்கியம்?" என்றேன். "சம்பளம் அடுத்த மாசம் கேட்டாலும் வரும். போன கண்ணு வருமா?" என்றார்.

பட்டியலில் அதை முதலாவதாக மாற்றிவிட்டோம்.

அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "பெரிய ஆபீஸ்ல, சுவருக்குள்ள பத்திரமா வச்சிருக்காங்கம்மா" என்று சொல்லிவிடலாம். நம்பிவிடுவாள். ஆனால் அவளிடம் அவள் கேட்டதற்கான பதிலைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. அவள் கண்ணை வாங்கியவர்கள். அவர்கள் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்போம்.

உங்கள் வேலையிடத்தில் கண்ணோ விரலோ முகமோ பதிகிறார்கள் என்றால், பழைய மெஷின் எங்கே போயிற்று என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வரும் பதிலை எனக்கு எழுதுங்கள். இரண்டு வரியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜெய் பீம்.